பழைய 1080 டிஐயா, புது 4060-ஆ? கொடுங்கையூர் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

வடசென்னை கொடுங்கையூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது ஐ5 8400 பிராசஸர், எச்310 போர்டு, ஒரே குச்சியாக 8 ஜிபி ரேம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரன்ட் கொடுக்கும் டப்பா), 4 ஜிபி 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 75 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி மானிட்டர். வலோரன்ட்டும் ஜிடிஏ 5-உம் ஆடுகிறார், எல்டன் ரிங் ஆட ஆசை. கல்யாண வீடியோ எடுக்கும் மாமாவுக்கு எடிட்டிங்கும் செய்து தருகிறாராம். தெரிந்தவர் ஒருவர் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டை 12,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைகளில் புது ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 28,000 சொல்கிறார்கள். "ரெண்டும் ஒரே ஸ்பீடுதான்னு எல்லாரும் சொல்றாங்கண்ணா. அப்போ எதுக்கு 16,000 கூட குடுக்கணும்?" இதுதான் கேள்வி.

தம்பி, எல்லாரும் சொல்வது பொய் இல்லை. 1080 டிஐ 2017 மார்ச்சில் 699 டாலருக்கு வந்தது. அன்றைக்கு வீட்டில் வைத்து ஆடுகிறவர்களுக்கு அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடையாது. 4060 வந்தது 2023 ஜூன் கடைசியில், 299 டாலருக்கு. அந்த வரிசையில் கீழ்ப்படியில் நிற்கிற கார்டு. 2022-க்கு முன்னால் வந்த சாதாரண கேம்களை ஃபுல் எச்டியில் ஓட்டினால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒன்றில் இது கொஞ்சம் முந்தும், இன்னொன்றில் அது முந்தும். ஆறு வருடத்தில் மேல்மாடி வேகம் தரைத்தளத்துக்கு இறங்கி வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரே வேகத்தை எட்ட இரண்டும் போகிற வழி வேறு. உன் 16,000 ரூபாய்க்கான பதில் அந்த வழியில்தான் இருக்கிறது.

முதலில் பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் பார்த்து ஏமாறாதே. 1080 டிஐயில் 3584 கூடா கோர் (கணக்குப் போடும் குட்டிக் குட்டிப் பகுதிகள்), 4060-இல் 3072. எண்ணிக்கையில் பழசு ஜெயிக்கிறது. ஆனால் பழசு சுமார் 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதாகக் கம்பெனி சொல்கிறது, புதுசு 2.46. ஒரு கோர் ஒரு துடிப்பில் செய்யும் வேலையும் இரண்டிலும் ஒன்று கிடையாது. வேறு வேறு தலைமுறை கார்டுகளில் கோரை எண்ணி ஒப்பிடுவது, ஆட்டோவையும் பஸ்ஸையும் சக்கரத்தை எண்ணி ஒப்பிடுகிற மாதிரி.

மெமரிப் பக்கம் வந்தால் பழசு ராஜா மாதிரி தெரியும். 11 ஜிபி, மெமரிக்குப் போகும் பாதை 352 பிட் அகலம், அதில் நொடிக்கு 484 ஜிபி போகும். புதுசுக்கு 8 ஜிபி, 128 பிட், 272 ஜிபி. பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே! அப்புறம் எப்படி அது இதற்கு ஈடு கொடுக்கிறது? எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பாய். சாலையை அகலமாக்கினால் லாரி வேகமாகப் போகும். 1080 டிஐ செய்தது அதைத்தான். இன்னொரு வழியும் உண்டு. பட்டறைக்குள்ளேயே பெரிய குடோன் கட்டி அடிக்கடி தேவைப்படும் சரக்கை அங்கேயே அடுக்கிவிட்டால் லாரி அத்தனை தடவை சாலைக்கே வர வேண்டியதில்லை. 4060-இன் சிப்புக்குள் அப்படி 24 எம்பி எல்2 கேஷ் இருக்கிறது. 1080 டிஐயில் அது 3 எம்பிகூட இல்லை. அதனால்தான் குறுகலான சாலையை வைத்துக்கொண்டே புதுசு சமாளிக்கிறது.

ஆனால் குடோன் நிரம்பி, மெயின் கிடங்கான அந்த 8 ஜிபியும் நிரம்பிவிட்டால் சமாளிப்பு முடிந்தது. அப்போது கார்டு உன் போர்டில் இருக்கும் சாதாரண ரேமுக்குப் போய்ச் சரக்கு எடுக்க வேண்டும். இதில் உன் போர்டுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, கடைக்காரர் சொல்ல மாட்டார். கார்டுக்கும் போர்டுக்கும் நடுவில் சரக்கு போகும் பாதைக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் என்று பெயர். 4060-க்கு அது எட்டுதான், பதினாறு கிடையாது. நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் அந்த எட்டு லேன் நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி கடத்தும். உன் எச்310 போர்டு மூன்றாம் தலைமுறை, அதில் பாதி, 8 ஜிபி மாதிரிதான் வரும். மெமரி நிரம்பாத வரை இது உனக்குத் தெரியவே தெரியாது. நிரம்பினால் படம் திக்கித் திக்கிப் போகும். கேமில் டெக்ஸ்சர் என்று ஒரு செட்டிங் இருக்கும், அதை அல்ட்ராவிலிருந்து ஒரு படி இறக்கி வைத்துக்கொள். ஃபுல் எச்டியில் பல கேம்களுக்கு அது போதும். 11 ஜிபி வைத்திருப்பவனுக்கு இந்தக் கவலை குறைவு. இந்த ஒரு விஷயத்தில் பழசு இன்றைக்கும் மேல்தான், அதை நான் மறுக்க மாட்டேன்.

இப்போது கரன்ட் கணக்கு. இதைத்தான் யாரும் போடுவதில்லை, நம்ம ஏரியாவில் முதலில் போட வேண்டிய கணக்கே இதுதான். 1080 டிஐ முழு வேகத்தில் 250 வாட் இழுக்கும். 4060-க்கு 115. வித்தியாசம் 135 வாட். தினம் நாலு மணி நேரம் ஆடுகிறாய் என்று வை. மின்வாரியம் ரீடிங் எடுக்கும் அறுபது நாளில் அது 32 யூனிட் சொச்சம். இது மட்டும் பார்த்தால் பெரிய தொகை இல்லை. ஆனால் உங்கள் வீட்டு மீட்டர் 480 யூனிட் பக்கத்தில் நிற்கிற வீடு என்றால், இந்த 32 சேர்ந்து 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் ஏறின யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழே இருக்கும் ஸ்லாபுக்கும் ரேட் மாறும். அம்மா பில்லைப் பார்த்துவிட்டு முதலில் உன் ரூமைத்தான் பார்ப்பார்கள்.

இழுக்கிற கரன்ட் அவ்வளவும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 250 வாட் என்றால் அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பு நாலை உன் மேசைக்கடியில் எரிய விட்டதற்குச் சமம். 4060 அதில் ரெண்டு பல்பு. தண்டையார்பேட்டையில் நான் இருப்பது ஒரு ஜன்னல் வைத்த பத்துக்குப் பத்து அறை, மேலே தளம், அதற்கு மேலே வெயில். 1080 டிஐ வைத்திருந்த ஒரு கோடை முழுக்க மதியம் இரண்டு மணிக்கு மேல் நான் ஆடியதே இல்லை. கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது 80 டிகிரியைத் தாண்டியும் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை.

யுபிஎஸ் வைத்திருக்கிறாயா? வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 600 விஏ, அது கொடுப்பது 360 வாட். 1080 டிஐ, பிராசஸர், மானிட்டர், ஃபேன் எல்லாம் சேர்ந்து அந்த எல்லையில் போய் முட்டும். கேம் நடுவில் கரன்ட் போனால் யுபிஎஸ் ஒரு சத்தம் போட்டுவிட்டு அதுவும் அணைந்துவிடும். ராத்திரி தெருவே ஏசி போட்டு வோல்டேஜ் இறங்கும் மே மாதத்தில் இது எனக்கு எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. 4060 என்றால் மொத்த செட்டும் 250 வாட்டுக்குள் அடங்கிவிடும், சேவ் செய்து வெளியே வர நேரம் கிடைக்கும்.

அப்புறம் உன் எஸ்எம்பிஎஸ். 1080 டிஐக்கு 600 வாட் வேண்டும் என்பது கம்பெனி கணக்கு. பெரும்பாலான மாடல்களில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் எட்டு பின் ஒயர் ஒன்று, ஆறு பின் ஒயர் ஒன்று சொருக வேண்டும், சிலதில் இரண்டுமே எட்டு பின். உன் 450-ஐக் கேபினட்டைத் திறந்து ஒருமுறை பார். பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12 வோல்ட் என்று போட்ட கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும், அதைப் பன்னிரண்டால் பெருக்கு. 18 ஆம்பியர் என்றால் 216 வாட், அவ்வளவுதான் அதன் உண்மையான பலம். மேலே 450 என்று கொட்டை எழுத்தில் போட்டது அலங்காரம். கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி லேசாக இருக்கும் எஸ்எம்பிஎஸ் எல்லாம் இந்த ஜாதி. அப்படி இருந்தால் எந்தக் கார்டு வாங்கினாலும் அதை முதலில் மாற்று. 1080 டிஐக்கு நல்ல 650 வாட்டாக வாங்கினால் ஐந்தாயிரம், ஆறாயிரம் போய்விடும். 12,000 ரூபாய் கார்டு 18,000 ஆகிவிட்டது பார். 4060-க்கும் கம்பெனி 550 என்றுதான் எழுதுகிறது. ஆனால் உன் 65 வாட் பிராசஸரோடு நல்ல தரமான 450 வாட்டில் எட்டு பின் ஒயர் ஒன்று இருந்தால் போதும், நானே இரண்டு மூன்று பேருக்கு அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

சரி, வேகமும் கரன்ட்டும் இருக்கட்டும். பழைய கார்டுக்குத் தெரியாத வேலைகள் சில இருக்கின்றன. ரே டிரேசிங் என்பது கேமில் வெளிச்சமும் நிழலும் நிஜம் போல விழும்படி கணக்குப் போடும் முறை. அதற்கென்று தனிப் பகுதி வைத்த ஆர்டிஎக்ஸ் கார்டுகள் 2018-இல்தான் வந்தன. 1080 டிஐ அதற்கு முந்தைய தலைமுறை. பல வருடம் இது ஒரு குறையாகவே தெரியவில்லை, "ரே டிரேசிங்கை ஆஃப் பண்ணிட்டு ஆடலாம்" என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது ஆஃப் பண்ண முடியாத கேம்கள் வந்துவிட்டன. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025-இல் வந்த டூம் தி டார்க் ஏஜஸும் அந்த வசதி இல்லாத கார்டை ஏற்பதில்லை. ஆலன் வேக் 2 வந்தபோது அதற்கு மெஷ் ஷேடர் என்ற இன்னொரு வசதி வேண்டியிருந்தது. அது இல்லாததால் 1080 டிஐ பரிதாபமாகத் திணறியது, சில மாதம் கழித்து ஒரு பேட்ச் வந்துதான் கொஞ்சம் மூச்சு விட்டது. சிறிய அளவில் படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ்ஸும் இதில் கிடையாது. அதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்ஆர் இதில் ஓடும், ஆனால் ஃபுல் எச்டியில் அதைப் போட்டால் தூரத்து இலையும் கம்பி வேலியும் கொஞ்சம் மினுமினுக்கும். டிஎல்எஸ்எஸ்ஸில் அந்தத் தொந்தரவு குறைவு. ஃப்ரேம் ஜெனரேஷன் என்று 4060 பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் கார்டே ஒன்றை உருவாக்கிச் சொருகும் வேலை அது. ஏற்கெனவே நொடிக்கு அறுபது ஃப்ரேம் வரும் இடத்தில் அது நன்றாக இருக்கும், முப்பதை அறுபதாகக் காட்டச் சொன்னால் மவுஸ் தண்ணீருக்குள் நகர்கிற மாதிரி இருக்கும். அதை நம்பிக் காசு கொடுக்காதே.

டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர், இதைவிட முக்கியம். இந்தக் கார்டுகளின் கம்பெனியான என்விடியா 2025 அக்டோபரோடு இந்தப் பழைய தலைமுறைக்கு கேம் ரெடி டிரைவர் (புது கேம்களுக்கென்று வரும் டிரைவர்) தருவதை நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். இதனால் நாளைக்கே கார்டு நின்றுபோகாது. இன்று ஓடும் கேம் நாளையும் ஓடும். நாளை வரும் கேமில் ஏதாவது கோளாறு என்றால் இதற்காக உட்கார்ந்து யாரும் சரி செய்து தர மாட்டார்கள், அதுதான் வித்தியாசம். உன் 1050 டிஐயும் இதே குடும்பம் என்பதால் அதற்கும் இதே கதிதான்.

செகண்ட் ஹேண்டைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு கடையில் நல்ல விலைக்கு ஒரு கார்டு வாங்கினேன். கடையில் போட்டுக் காட்டினார்கள், பளிச்சென்று ஓடியது. வீட்டில் மூன்று வாரம் ஓடியது. அப்புறம் ஒருநாள் திரை முழுக்கப் பச்சைக் கோடு. சிப் லெவல் சர்வீஸ் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனால் அவர் சிப்பின் ஓரத்தைக் காட்டினார், ஏற்கெனவே ஹீட் கன் அடித்து உசுப்பிவிட்ட கார்டு. சூடு காட்டினால் செத்த கார்டு கொஞ்ச நாளைக்கு எழுந்து உட்காரும், விற்கிறவனுக்கு அந்தக் கொஞ்ச நாள் போதும். கடைக்குத் திரும்பிப் போனேன், "டெஸ்ட் பண்ணித்தானே எடுத்துட்டுப் போனீங்க?" என்றார்கள். கேள்வி நியாயம்தான், பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மைனிங் கார்டு, அதாவது கிரிப்டோ காசு எடுக்க ராப்பகலாக ஓட்டிய கார்டு என்றால் தொடவே கூடாது என்பார்கள். நான் அவ்வளவு கண்டிப்பு இல்லை. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எதீரியம் என்ற கிரிப்டோ காசு, கார்டு வைத்து எடுக்கும் முறையைக் கைவிட்டதும் மூட்டை மூட்டையாகக் கார்டுகள் சந்தைக்கு வந்தன. ஒரே சூட்டில் நிலையாக ஓடிய சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போவது ஃபேனும், மெமரி மேல் ஒட்டியிருக்கும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடும்தான். நம்ம பக்கத்துக்கென்று கூடுதலாக ஒன்று இருக்கிறது, உப்புக் காற்று. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஜன்னல் ஓரமாக இருந்த கேபினட் என்றால் கார்டின் பின்பக்கத் தகட்டைப் பார், துரு பிடித்திருக்கும். எச்டிஎம்ஐ வாய்க்குள் டார்ச் அடி, பச்சையாக ஏதாவது பூத்திருந்தால் வேண்டாம் என்று வந்துவிடு. எண்ணூர் பக்கத்துக் கார்டு என்றால் ஹீட் சிங்க்கில் படிந்திருக்கும் தூசியே வேறு மாதிரி, மாவு போல நைசாக இருக்கும், பிரஷ்ஷுக்கு வராது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

அந்தத் தெரிந்தவர் வீட்டுக்கே போய்ப் பார்க்க முடிந்தால் பென் டிரைவில் ஜிபியூ-இசட் (கார்டின் விவரம் காட்டும் சாஃப்ட்வேர்), ஃபர்மார்க் (கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிப்பது) இரண்டையும் போட்டுக் கொண்டு போ. முதலாவதில் 3584 கோர், 11 ஜிபி, 352 பிட் என்று வர வேண்டும். மலிவுக் கார்டுகளுக்கு உள்ளே இருக்கும் பயாஸ் சாஃப்ட்வேரை மாற்றி வேறு பெயர் சூட்டி விற்பதும் உண்டு. ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி 2048 கோர் உள்ள கார்டைத் தருவார்கள், அசலில் 2304 இருக்க வேண்டும். பிறகு ஃபர்மார்க்கை இருபது நிமிடம் ஓட விட்டு ஒரு டீ குடி. கோடு, புள்ளி, திரை கறுத்துப் போவது, ஃபேன் கரகரப்பது, இதில் எது வந்தாலும் விலையைக் குறைத்துக் கேட்காதே, எழுந்து வந்துவிடு.

மாமாவின் கல்யாண வீடியோவை மறக்கவில்லை. அவர் கேமராவில் என்ன செட்டிங் வைத்து எடுக்கிறார் என்று கேள், எனக்கு அது தெரிய வேண்டும். நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்பதைத்தான் 4:2:0, 4:2:2 என்று எழுதுவார்கள். சாதாரண 4:2:0 என்றால் 4060 நன்றாக உதவும், ஏவி1 என்ற புது வீடியோ ஃபார்மேட்டில் எக்ஸ்போர்ட் செய்யும் வசதியும் கூடவே வரும், 1080 டிஐயில் அது கிடையாது. இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் பலர் 10 பிட் 4:2:2 வைத்து எடுக்கிறார்கள். அதைப் பிரித்துக் காட்டும் வேலை 1080 டிஐக்கும் தெரியாது, 4060-க்கும் தெரியாது. முழுப் பாரமும் உன் பிராசஸர் தலையில் விழும், டைம்லைனை இழுத்தால் ஆமை மாதிரி நகரும். 2025 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 அதைச் செய்யும். அதுவும் 8 ஜிபி, எட்டு லேன்தான், ஆனால் மெமரி ஜிடிடிஆர்7 என்ற புது வகை, நொடிக்கு 448 ஜிபி. 145 வாட் எடுக்கும். 4060-க்குச் சொல்லும் 28,000-ஐ விட இரண்டு மூன்றாயிரம் கூடுதலாகக் கேட்டால் யோசிக்காமல் இதை எடு.

இதில் யாராவது "இன்டெல் பி580 வாங்கு, 12 ஜிபி" என்று உன்னிடம் சொல்வார்கள். நல்ல கார்டுதான். ஆனால் உன் காலத்துப் பிராசஸரோடு சேர்ந்தால் அதன் டிரைவர் பாரத்தில் நிறைய வேகம் வீணாகும். உனக்கு வேண்டாம். செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிடைத்தால் அது 1080 டிஐயை விட நல்ல பேரம். வேகம் ஏறக்குறைய அதே, 170 வாட், பதினாறு லேன், டிஎல்எஸ்எஸ் உண்டு, டிரைவரும் வருகிறது. ஒன்று மட்டும் கவனம், அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் என்று ஒன்று உலாவுகிறது. அது வேறு கார்டு.

இப்போது உனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். வலோரன்ட்டுக்கு உன் 1050 டிஐயே 75 ஹெர்ட்ஸுக்கு மேல் தந்துகொண்டிருக்கும், அந்த கேம் பிராசஸரைத்தான் அதிகம் வேலை வாங்கும். எல்டன் ரிங் எத்தனை பெரிய கார்டு போட்டாலும் 60 ஃப்ரேமில் நின்றுவிடும், அதற்குக் கம்பெனி பரிந்துரைப்பது வெறும் 1070. ஆனால் குறைந்தபட்சம் 12 ஜிபி ரேம் கேட்கிறது. உன்னிடம் 8 தானே இருக்கிறது! எந்தக் கார்டு வாங்கினாலும் அந்த கேம் முதலில் அங்கேதான் முட்டும். அதுவும் ஒரே குச்சி என்பதால் ரேம் பாதி வேகத்தில்தான் ஓடுகிறது. அதனால் முதல் செலவு அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி குச்சி. இரண்டாவது, ஸ்டிக்கரைப் பார்த்த பிறகு தேவைப்பட்டால் எஸ்எம்பிஎஸ். நாளைக்கு நீ போர்டையே மாற்றினால்கூட எஸ்எம்பிஎஸ் வீணாகாது, கூட வரும். அதற்குப் பிறகும் கையில் காசு இருந்தால் 4060 அல்லது 5060. இல்லையென்றால் 1050 டிஐயிலேயே செட்டிங்கைக் குறைத்து எல்டன் ரிங்கை ஆரம்பித்து வை. 1080 டிஐயை அவர் 7,000-க்கு இறக்கி, உன் எஸ்எம்பிஎஸ்ஸும் ஏற்கெனவே பெரிதாக இருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். 12,000-க்கு வேண்டாம்.

ரிச்சி தெருவுக்குப் போவதென்றால் சனிக்கிழமை காலையில் போ, ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். தண்டையார்பேட்டையில் வண்டியை விட்டுவிட்டு மெட்ரோவில் ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். முதல் கடையில் வாங்காதே, நாலு கடையில் விலை கேள். ஜிஎஸ்டி பில்லில் கார்டின் சீரியல் நம்பர் எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே நின்று பெட்டியோடு ஒப்பிட்டுப் பார். பெரும்பாலும் மூன்று வருட வாரண்டி, அந்த நம்பர் இல்லாத பில்லை வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டரில் நின்றால் ஒன்றும் நடக்காது. பில் இல்லாமல் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் அடுத்த கடைக்குப் போ. மாமாவின் கேமரா செட்டிங் என்னவென்று தெரிந்ததும் எழுது, 4060-ஆ 5060-ஆ என்பதைச் சொல்லிவிடுகிறேன்.